அவங்க என்று சொன்ன நாட்கள்

ஜூலை 8, திங்கள்

காலையில் முதல் அழைப்பே பிரசவம். மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. வலியில் துடிக்கிற பெண்ணைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டி, படிப்படியாக இறக்கினோம். முதுகுப் பக்கம் நான், கால் பக்கம் சாரதி. இறங்கும்போது பாரம் முழுக்கக் கால் பக்கம்தான் விழும். அதை எப்போதும் அவள் எடுத்துக்கொள்வாள், ஒரு வார்த்தை பேசாமல்.

சாரதி எங்கள் ஆம்புலன்ஸின் டிரைவர். நிலையத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் பின்பக்கம் நோயாளியோடு இருக்கும் நர்ஸ். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சின்னச் சன்னல். அதன் வழியாக அவள் எனக்குச் சாலையைச் சொல்லிக்கொண்டே வருவாள். "மேடு." "இடது பக்கம் திரும்புறேன்." "பள்ளம் வருது, பிடிச்சுக்கங்க." கையில் ஊசியோடு நான் நிற்கும்போது அந்தக் குரல்தான் எனக்குக் கைப்பிடி. வேறு டிரைவர்களோடும் போயிருக்கிறேன். வண்டி குலுங்கி முடித்த பிறகு "ஸாரி" என்பார்கள்.

குழந்தை ஆஸ்பத்திரி வாசலில், வண்டிக்குள்ளேயே பிறந்தது. பெண். பிஸ்மில்லா சொல்லிக் கையில் வாங்கினேன். சாரதி சன்னலில் எட்டிப் பார்த்து, "டிக்கெட் எடுக்காத ஆளு ஒண்ணு கூடிருச்சு போல" என்றாள். பெற்றவளே சிரித்துவிட்டாள்.

சே, என் நாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பக்கம் முழுக்க இவள்தான்.

ஜூலை 12, வெள்ளி

அவளுக்கு விடுப்பு. வேறு டிரைவர். நாள் முழுக்க முழங்காலை இடித்துக்கொண்டேன்.

ஜூலை 19, வெள்ளி

இதற்குப் பெயர் தெரியாதது போல் இன்னும் எத்தனை நாள் நடிக்கப் போகிறேன்?

பதினாறு வயதிலேயே தெரியும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வேறு ஊருக்குப் போனபோது நான் அழுத அழுகை, தோழிக்காக அழுகிற அழுகை இல்லை. அது எனக்கு மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து தொழுகை முடிந்ததும் ஒரே துஆ: இதை என்னிடமிருந்து எடுத்துவிடு. கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறான். நர்ஸிங் படிக்க இடம் கொடுத்தான். வாப்பா இறந்தபோது உம்மாவைத் தாங்குகிற தெம்பைக் கொடுத்தான். இது ஒன்றை மட்டும் எடுக்கவே இல்லை.

தொழுகை எனக்கு ஒரு நாளும் சுமையாக இருந்ததில்லை. ரத்தமும் அலறலுமாக ஒரு பகல் போன பிறகு நெற்றியைத் தரையில் வைக்கும்போது மூச்சு சீராகும். அங்கேதான் நான் நானாக இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இன்று சாரதி வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். பாட்டு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று. அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோதும் மூச்சு அதே மாதிரி சீரானது.

இரண்டும் எப்படி ஒரே நெஞ்சில்?

ஜூலை 28, ஞாயிறு

லாத்தா வந்தாள், ஒரு போட்டோவோடு. லாத்தா என் அக்கா. வாப்பா போன பிறகு வாப்பாவின் கவலைகளையெல்லாம் தன் பேரில் மாற்றிக்கொண்டவள். மாப்பிள்ளை பல் டாக்டராம்.

"சொந்தக் கிளினிக். அஞ்சு வேளையும் தொழுற ஆளு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாராம். இதுக்கு மேல உனக்கு என்னடி வேணும்?"

"பல்லு எப்படி?" என்றேன்.

உம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். லாத்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவளுக்கு எல்லாமே விளையாட்டு!" திரும்பி வந்த உம்மாவின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் சம்மதம் என்று அர்த்தம். தெரிந்தேதான் சொன்னேன். என்ன செய்வது?

ஆகஸ்ட் 3, சனி

எழுதக் கை ஓடவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மதியம் வண்டியின் உட்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தோம். நான் தண்ணீர் பாய்ச்ச, அவள் தேய்த்தாள். திடீரென்று பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பதில் சொல்லணும்னு இல்லை."

"சொல்லுங்க."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கூட வேலை செய்றவங்களைப் பிடிக்குமே, அந்த மாதிரி இல்லை. உங்க மார்க்கத்துல இதுக்கு என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். சங்கடமா இருந்தா ஒரு தலையாட்டல் போதும். நாளைக்கே வேற வண்டிக்கு மாத்திக்கிறேன். ஏன்னுகூடக் கேக்க மாட்டேன்."

குழாயை மூட மறந்து நின்றிருக்கிறேன். காலணிக்குள் தண்ணீர் புகுந்த பிறகுதான் தெரிந்தது. "மாத்திக்க வேணாம்" என்றேன். அவள் நடந்து போய்க் குழாயை மூடினாள். "தண்ணி வீணாகுது, நர்ஸம்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண் மட்டும் நிறைந்திருந்தது.

என்ன தைரியம் இவளுக்கு! நான் புகார் கொடுத்திருக்கலாம். வேலை போயிருக்கும், பேர் கெட்டிருக்கும். எல்லாம் தெரிந்தும், நான் ஓடிப்போக ஒரு வழியையும் முதலில் திறந்து வைத்துவிட்டுப் பேசினாள்.

மாலையில் மஃரிபு தொழுகைக்கு நின்றேன். கையைக் கட்டியதும் ஓத வேண்டிய வார்த்தை வரவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து ஓதுகிற வார்த்தை. எந்த முகத்தோடு நிற்பது?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று தொழவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்றும்.

ஆகஸ்ட் 17, சனி

உம்மா கேட்டால் "வேலையிலேயே தொழுதுட்டேன்" என்கிறேன். வேலையில் யாரும் கேட்பதில்லை. இன்று சாரதி கேட்டாள்.

இப்போது நாங்கள் "நீங்க"வை விட்டு "நீ"க்கு வந்துவிட்டோம். ஒரு நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நான் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

"இப்பல்லாம் நீ ஸ்டோர் ரூமுக்கே போறதில்லையே." ஆக்ஸிஜன் சிலிண்டர்களுக்கு நடுவே அங்கேதான் நான் தொழுவது வழக்கம்.

"எப்படிப் போறது? மனசுல உன்னை வச்சுக்கிட்டு அவன் முன்னாடி போய் நின்னா அது நடிப்பு."

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. வண்டியை ஓரங்கட்டினாள்.

"இங்க பாரு. எனக்கு உங்க அல்லாவைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எனக்குன்னு ஒரு சாமியும் கிடையாது. ஆனா நீ தொழுதுட்டு வெளியே வர்றப்ப உன் முகம் எப்படி இருக்கும்னு தெரியும். அந்த முகத்தைப் பாத்துத்தான் நான் விழுந்தேன். அதை நானே பிடுங்கிட்டேன்னு ஆயிடக் கூடாது. என்னை விடணும்னா விடு, தாங்கிக்குவேன். என்னைச் சாக்கா வச்சு அதை விடாதே."

நான் வெளியே பார்த்துக்கொண்டு அழுதேன். அவள் சமாதானம் சொல்ல வரவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். ரேடியோவில் அழைப்பு வந்தது, மாரடைப்பு. "பின்னாடி போய் உக்காரு" என்று சொல்லிவிட்டு சைரனைப் போட்டாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

விடியலில் சுப்ஹு தொழுதேன்.

தொழுது முடித்து விரிப்பிலேயே உட்கார்ந்து அவனிடம் பேசினேன். தமிழில்தான். தடுத்திருக்கிறாய் என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்தார்கள். அப்படி அர்த்தம் இல்லை என்று எழுதுகிறவர்களையும் தேடித்தேடிப் படித்தேன். எனக்கு வசதியான பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ள மனசு ஒப்பவில்லை. எனக்குத் தெரியவில்லை ரப்பே. தெரியாமலே வந்திருக்கிறேன். எதையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை, அவளையும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருக்கிறேன். நீ பார்.

எடுத்துவிடு என்று கேட்கவில்லை. முதல் தடவையாக. வழி காட்டு என்று மட்டும் கேட்டேன்.

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் விரிப்பை விட்டு எழுந்திருக்கவும் மனசில்லை. உம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வேலைக்கு நேரமாகலையா?" என்றாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பல் டாக்டர் வந்தார். லாத்தா வீட்டு பால்கனியில் எங்கள் இரண்டு பேரையும் பேச விட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் லாத்தா நிற்கிறாள் என்பது அவள் வளையல் சத்தத்திலேயே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்க ஏதோ சொல்ல நினைக்கிறீங்க. என் கிளினிக் நாற்காலியில உக்கார்றவங்க முகம் இப்படித்தான் இருக்கும். வாயைத் திறக்கச் சொன்னாலே பயம்."

சிரித்துவிட்டேன். பிறகு சொன்னேன். "எனக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பமில்லை. உங்ககிட்ட ஒரு குறையும் இல்லை."

"வேற யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நல்லவங்களா?"

"ரொம்ப நல்லவங்க."

தலையசைத்தார். "நானே வேணாம்னு சொல்லிடட்டுமா? உங்களுக்குச் சிரமம் குறையும்."

"இல்லை. நானே சொல்லிக்கிறேன்."

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குழாயடியில் நின்று பேசியவளிடமிருந்து ஒட்டிக்கொண்டதாகத்தான் இருக்கும். போகும்போது அவர், "உங்களுக்காக துஆ செய்றேன்" என்றார். ஒப்புக்குச் சொன்னது போல் இல்லை. யாருக்கோ நல்ல மாப்பிள்ளை.

தமிழில் "அவங்க" என்று ஒரு சொல் வைத்தவர்களுக்கு அல்லாஹ் நன்மை தரட்டும். ஆணா பெண்ணா என்று அது காட்டிக்கொடுப்பதில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

பல் டாக்டர் வேண்டாம், வேற ஒருத்தங்க இருக்காங்க என்று வீட்டில் சொன்னதிலிருந்து லாத்தாவின் விசாரணை நிற்கவில்லை.

"அவங்க என்ன வேலை?"

"ஆம்புலன்ஸ் ஓட்டுறாங்க."

"பல் டாக்டரை விட்டுட்டு டிரைவரா!" நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "நம்ம ஆளுங்கதானே?"

"இல்லை."

"கலிமா சொல்லி நம்ம மார்க்கத்துக்கு வருவாங்களா?"

"நான் கேக்க மாட்டேன், லாத்தா."

உம்மா தன் பாட்டுக்கு ஜன்னல் திரையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவங்க, அவங்க என்று சொல்லச் சொல்ல நாக்கு தடிக்கிறது. பொய் சொல்லவில்லைதான். ஆனால் அவளை ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளித்து நிறுத்தியிருக்கிறேன். ஒரு சின்னப் பள்ளத்தைக்கூட என்னிடம் மறைக்காதவள் அவள்.

செப்டம்பர் 20, வெள்ளி

சொல்லிட்டேன். யா அல்லாஹ், சொல்லிட்டேன்.

உம்மா துணி மடிச்சுக்கிட்டிருந்தா. லாத்தாவும் இருந்தா. உம்மாதான் ஆரம்பிச்சா. "சரி, அவங்க வீட்டுல யார்கிட்ட பேசணும்?" அவ்வளவு தூரம் இறங்கி வந்துட்டா, பாவம். டிரைவரா இருந்தாலும், வேற மார்க்கமா இருந்தாலும் எனக்காகப் பேசிப் பாக்கலாம்னு. அந்த முகத்தைப் பாத்து இன்னொரு தடவை "அவங்க"ன்னு சொல்ல என்னால முடியலை.

"உம்மா, அவங்க இல்லை. அவ. ஒரு பொண்ணு."

உம்மாவின் கை நிற்கவில்லை. ஒரே துப்பட்டாவை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். லாத்தாதான் கத்தினாள். அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். அது அவளுடைய பயம் பேசியது. உம்மா அவளைப் பார்த்து, "அவளைப் பேச விடு" என்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"எப்போலேர்ந்து?"

"பதினாறு வயசுலேர்ந்து."

"இத்தனை வருஷம் இதைத் தனியாவா வச்சுக்கிட்டு இருந்தே?"

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

உம்மாவே மறுபடி பேசினாள். "நாளைக்கு மறுமையில உனக்காக நான் பதில் சொல்ல முடியாது. நீதான் நிக்கணும். எனக்கு இதை ஏத்துக்கத் தெரியலை. ஏத்துக்கிட்டேன்னு பொய் சொல்லவும் தெரியலை. கொஞ்ச நாளைக்கு என் கண்ணு முன்னாடி இருக்காதே." எழுந்து, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யப் போய்விட்டாள்.

வலிக்குது. ஆனா ஒரு தடவைகூடத் திட்டலையே உம்மா. ஏன் திட்டலை? திட்டியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இப்ப யார்கிட்ட கத்துறது?

செப்டம்பர் 29, ஞாயிறு

சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறை. சாரதியின் சாமான்கள் ஒரே நடையில் வந்துவிட்டன. என்னுடையவை இரண்டு பைகள். வீட்டுக்காரர், "அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார். "ஒண்ணா வேலை செய்றோம்" என்றாள் சாரதி. அவருக்கு அது போதுமாக இருந்தது.

தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவுக்குப் போன் செய்கிறேன். எடுப்பதில்லை. மணி அடித்து ஓயும்வரை வைத்திருக்கிறேன். போனை அணைத்து வைக்கவில்லை அல்லவா, இப்போதைக்கு அது போதும்.

அக்டோபர் 22, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கிறது.

ஈரப் படி. ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது வழுக்கிவிட்டது. அவரை விடவில்லை, என் மணிக்கட்டு போய்விட்டது. வலது கை. கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். சாரதி, "ஒரு வேலை இருக்கு, வந்துடறேன்" என்று போனவள் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 23, புதன்

வந்தது லாத்தா! கதவைத் திறந்துகொண்டு நின்றவளைப் பார்த்ததும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சாரதி போன வேலை அதுதானாம். உம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். லாத்தா என் தலையைப் பிரித்துச் சீவிக்கொண்டே சொன்னாள்.

"யூனிஃபார்மோட வாசல்ல வந்து நின்னா. உள்ள வரலை. 'போன்ல சொன்னா பயந்துடுவீங்க, அதான் நேர்ல வந்தேன். உயிருக்கு ஒண்ணும் இல்லை, மணிக்கட்டு எலும்புதான்'னா. உம்மா அவளை மேலும் கீழும் பாத்தாங்க. 'நீதானா அது?'ன்னு கேட்டாங்க. 'ஆமாம்மா, நான்தான்'னா. தலையைக் குனியலைடி. குரலையும் உசத்தலை."

"உம்மா என்ன சொன்னாங்க?"

"என்னத்தைச் சொல்வாங்க. உள்ள போய்த் தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க."

"குடிச்சாளா?"

"முழுச் செம்பையும் காலி பண்ணிட்டா. பயத்துல நாக்கு வறண்டிருக்கும்." லாத்தாவின் உதட்டில் சிரிப்பு வந்தது, உடனே அதைக் கடித்துக்கொண்டாள். "எனக்கு இது பிடிக்கலை. அதையும் சொல்லிட்டேன்."

சொன்னாள். ஆனால் இறுக்கமாகப் பின்னிவிட்டு, நுனிக்கு ரப்பர் போட்டுவிட்டுத்தான் போனாள்.

நவம்பர் 2, சனி

ஒரு கையால் ஒளூ செய்வது பெரும்பாடு. சாரதி செம்பில் தண்ணீர் ஊற்றுகிறாள். இன்று கட்டுப் போட்ட கையைக் காட்டி, "இதுல தண்ணி படக் கூடாதே, என்ன செய்வே?" என்றாள்.

"ஈரக் கையால மேலே தடவினா போதும்."

"உங்க ஆளு ரொம்பக் கறார்னு நினைச்சேன். பரவாயில்லையே, சலுகையெல்லாம் குடுக்கிறாரே!"

சிரித்த சிரிப்பில் எதுவரை கழுவினேன் என்பதே மறந்து, மறுபடி முதலிலிருந்து ஒளூ செய்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

மனசு சரியில்லை. போனில் ஒரு மார்க்கச் சொற்பொழிவு கேட்டேன். என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான். பாதியில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அப்புறம் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் ரொம்ப நேரம் கிடந்தேன். பயம் போகவில்லை. அவள் மேல் இருக்கிற பிரியமும் போகவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

சாரதி என்ன என்று கேட்கவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சில நேரம் கேட்காமல் இருக்கவும் ஒரு தெளிவு வேண்டும். அது அவளிடம் இருக்கிறது.

டிசம்பர் 7, சனி

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கைக்குப் பயிற்சி முடித்து மாலையில் வந்தால், மாடிப்படியில் சாரதி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் உம்மாவின் செருப்பு.

"உம்மா வந்திருக்காங்க" என்றாள், கிசுகிசுப்பாக. "தொழுறாங்க. நான் குறுக்கே நெடுக்கே போய்டுவேனோன்னு வெளியே வந்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அஸருக்கு நேரமாச்சு, எந்தப் பக்கம் பாத்துத் தொழணும்னு கேட்டாங்க. சன்னலுக்குக் கொஞ்சம் இடது பக்கம்னு காட்டினேன். உன் விரிப்பை விரிச்சுக் குடுத்தேன்." பிறகு, "சரியாத்தானே காட்டினேன்?" என்றாள்.

மிகச் சரி. எந்த நெரிசலிலும் யாரிடமும் வழி கேட்காதவள், இதை மட்டும் இன்னொரு தடவை கேட்டாள்.

உள்ளே போனேன். உம்மா ஸலாம் கொடுத்து முடித்து, கையேந்தி ரொம்ப நேரம் துஆ கேட்டாள். என்ன கேட்டாள் என்று தெரியாது. நானும் கேட்கவில்லை. பிறகு என் கையை இழுத்துப் புரட்டிப் பார்த்தாள். எலும்பு சேர்ந்த இடத்தை அமுக்கினாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"இளைச்சிருக்கே." லாத்தா வீட்டுக்குப் போகிற வழியாம். லாத்தா வீடு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது.

சாரதி டீ கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் குடித்தோம். கீழே கடையில் யாரோ சைக்கிள் மணியை அடித்து அடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். உம்மா அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். சுவரை, ஜன்னலை, மடித்து வைத்த துணியை. எதைப் பற்றியும் கேட்கவில்லை. புறப்பட்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, சாரதி பக்கம் திரும்பினாள்.

"அந்த அலமாரியைக் கொஞ்சம் தள்ளிப் போடும்மா. சஜ்தாவுக்குப் போறப்ப தலை இடிக்குது."

நான் குள்ளம், எனக்கு ஒரு நாளும் இடித்ததில்லை. உம்மா நல்ல உயரம்.

அவள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தோம். பிறகு உள்ளே வந்து, அலமாரியை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டோம்.